தசையும் தகடும்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ, கம்பனைப் பற்றியோ, சிலம்பைப் பற்றியோ பேசுவதே நம் வழக்கம். இவ்வாண்டு நம் இளைஞர்கள் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, அமெரிக்க மசில் கார்களைப் பற்றிப் பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டனர். உடனிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "விடியற்காலையில் பாவு விரித்துவிட்டால் சைக்கிளுக்கே வழி கிடையாத தெரு நம்முடையது, இங்கே அமெரிக்கக் காருக்கு என்ன வேலை?" என்றார். கேள்வி நியாயமானதே. அப்பெரியவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு விடை சொல்லும் முறையிலேயே என் உரையை அமைத்துக்கொள்கிறேன்.

நெசவறிந்த அவைக்கு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். மெல்லிய நூலில் இழை குறைத்து நெய்த துணிக்குக் கஞ்சியை மிகுதியாக ஏற்றினால், கடையில் பார்க்கும்போது அது கனத்த துணி போலவே விறைத்து நிற்கும். விரலால் தடவிப் பார்ப்பவரும் ஏமாறுவர். முதல் நனைப்பில் கஞ்சி கரைந்தபின் துணியின் உண்மை வெளிப்பட்டுவிடும். மோட்டார் கார்களின் உலகத்திலும் கஞ்சி உண்டு. கஞ்சியே ஏற்றாத முரட்டுத் துணியும் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மசில் காரின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

'மசில்' என்றால் தசை. தசைக் கார் என்று பெயர் வந்தமைக்குக் காரணம் அதன் உடலன்று, உள்ளிருக்கும் எஞ்சினே. இதற்கு முந்திய நிலையைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்கக் கார்களின் அழகெல்லாம் தகட்டில்தான் வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், பி-38 என்னும் போர் விமானத்தின் இரட்டை வாலால் கவரப்பட்டார். 1948-இல் வந்த காடிலாக் காரின் பின்புறத்தில் அந்த வால் சிறு துடுப்புகளாக முளைத்தது. ஆண்டுதோறும் அது வளர்ந்து, 1959-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் ஆகாயத்தைக் கிழிப்பது போல் நின்றது. அத்துடுப்பால் கார் வேகமாக ஓடியதா என்றால், இல்லை. காண்போர் கண்தான் ஓடியது!

இந்நிலையில் பாண்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய தோழர்களும் ஒரு வேலை செய்தனர். அவர்களிடம் டெம்பெஸ்ட் என்று நடுத்தர அளவில் ஓர் எளிய கார் இருந்தது. குடும்பத்தோடு கடைக்குப் போய்வரும் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கன அங்குல எஞ்சினை, அஃதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினை, இந்தச் சிறிய உடலுக்குள் இறக்கினர். நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று தலைமை நிறுவனம் விதி வகுத்திருந்தது. விதியை மீறினால் வேலைக்கே ஆபத்து. ஆகவே அதைப் புதிய கார் என்று சொல்லாமல், விரும்புவோர் சற்றேறக்குறைய 300 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பெறத்தக்க 'விருப்பத் தொகுதி' என்று பட்டியலில் சேர்த்துவிட்டனர். விதி வாசலைக் காத்தது. கார் சாளரத்தின் வழியே வெளியேறியது. 1964-ஆம் ஆண்டு வகையாக வந்த அந்த ஜி.டி.ஓ. 325 குதிரைத்திறன் கொண்டது. ஐயாயிரம் விற்றால் போதும் என்று மேலிடம் எண்ணியிருக்க, முதலாண்டிலேயே 32,450 கார்கள் விற்றன.

தோற்றத்தில் அது சாதாரணக் கார்தான். துடுப்பு இல்லை, பகட்டு இல்லை. அதுவே அதன் பெருமை. ஆனாலும் ஒரு குறும்பைச் சொல்லாமல் விட மனமில்லை. அதன் முன்மூடியில் காற்றை உறிஞ்சுவன போல் இரண்டு வாய்கள் அமைந்திருந்தன. முதலாண்டுக் காரில் அவை வெறும் ஒப்பனை. உள்ளே அடைத்திருந்தன, ஒரு மூச்சுக் காற்றும் புகாது. எவ்வளவு முரட்டுத் துணிக்கும் ஒரு கை கஞ்சி வேண்டியிருக்கிறது போலும்.

அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஃபோர்டு நிறுவனம் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் மஸ்டாங் காரை வெளியிட்டது. நீண்ட முன்மூடி, குறுகிய பின்புறம், தாழ்ந்த கூரை. பாய்வதற்கு முன் பின்னங்காலில் பதுங்கிய விலங்கின் நிலை அது. நம் இளைஞர்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் படங்களில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே. ஆயினும் உள்ளே பார்த்தால், ஃபால்கன் என்னும் மலிவான குடும்பக் காரின் அடிப்பாகமே மஸ்டாங்கின் அடிப்பாகம். 2,368 டாலர் விலையுள்ள தொடக்க வகையில் ஆறு சிலிண்டர் எஞ்சினும் 101 குதிரைத்திறனுந்தான். இது பாண்டியாக்கின் வழிக்கு நேர் எதிரான வழி: அங்கே எளிய உடலுக்குப் பெரிய எஞ்சின், இங்கே பெருமித உடலுக்கு எளிய எஞ்சின். அப்படியானால் மஸ்டாங் கஞ்சி ஏற்றிய துணியா? என் தீர்ப்பு, அன்று என்பதே. ஏனெனில் வாங்குபவன் முன் ஒரு பட்டியல் இருந்தது. அழகு மட்டும் போதும் என்பவன் ஆறு சிலிண்டரை எடுத்துக்கொண்டான். வேகம் வேண்டுபவன் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்குக் காசு கொடுத்தான். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். முதல் பன்னிரண்டு மாதத்தில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மஸ்டாங் கார்கள் விற்றன.

அக்காலத்து உடலமைப்பில் இன்னொரு கூற்றையும் சொல்ல வேண்டும். அதன் வழியாகத்தான் நம் நாட்டுக் கதைக்கு வருகிறோம். ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானம், இறக்கை சேரும் இடத்தில் உடலைச் சற்று ஒடுக்கிக்கொண்டால் காற்றின் தடை குறையும் என்று ரிச்சர்ட் விட்கோம் என்னும் அமெரிக்க அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். கார் வடிவமைப்பாளர்கள் அந்த ஒடுங்கிய இடையின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டனர். கதவுப் பக்கம் உள்வாங்கி, பின்சக்கரத்தின் மேல் தொடைபோல் புடைத்தெழும் வடிவம் பிறந்தது. இடை சிறுத்த கோலா குப்பியின் பெயரையே அதற்கு இட்டனர். காரைத் தசை முறுக்கிய உடலாகக் காட்டியது இந்த வளைவேயாகும்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1925-இலேயே இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனத்தை வாங்கிவிட்டிருந்தது. ஆகவே தாய்வீட்டு அழகு மகள்வீட்டுக்கும் சென்றது. 1967-இல் வந்த வாக்ஸ்ஹால் விக்டர் காரில் அந்தக் குப்பி வளைவு நன்கு தெரிந்தது. 1972-இல் வந்த அடுத்த விக்டரில் அது அடங்கிய வடிவில் தொடர்ந்தது. இந்த இரண்டாம் விக்டர் 1978-இல் இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. அதன் வார்ப்பு அச்சுகளை நம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, வங்காளத்து உத்தர்பாராவில் 1984-இல் ஒரு காரை வெளிக்கொணர்ந்தது. அதுதான் காண்டெசா. நம்மில் நரை கண்டவர் அனைவருக்கும் அதைத் தெரியும். களியக்காவிளையிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக நம் ஊரைக் கடந்து திருவனந்தபுரம் செல்லும் இந்த நெடுஞ்சாலையில், அம்பாசிடர்களின் கூட்டத்துக்கு நடுவே ஒரு காண்டெசா வந்தால் தெருமுனையில் நிற்பவர் கழுத்து தானே திரும்பும். திருமணத்தில் மாப்பிள்ளையை அதில் ஏற்றி வந்தால் சம்பந்தி வீட்டாரின் மதிப்பு ஒரு படி உயரும். இந்தியாவின் மசில் கார் என்று இன்றைய இளைஞர்கள் அதைப் போற்றுகின்றனர்.

தோற்றத்துக்கு அப்பெயர் பொருந்தும். தசைக்கோ? 1984-இல் அந்தப் பெரிய உடலுக்குள் வைத்திருந்தது அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். ஆனை உடலுக்குள் ஆட்டுக்குட்டியின் நெஞ்சு! குற்றம் யாருடையது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அன்று புதிய எஞ்சினை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். அந்நியச் செலாவணி வேண்டும். கையில் இருந்ததோ ஓர் எஞ்சின், அதையும் நாட்டு மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார்கள். தொழிற்சாலைக்கு இது வசதி. வாங்குபவனுக்கோ வேறு பட்டியல் இல்லை. மஸ்டாங் வாங்கிய அமெரிக்கனுக்கும் காண்டெசா வாங்கிய இந்தியனுக்கும் இருந்த வேறுபாடு இதுதான்.

ஆனால் காண்டெசாவின் கதை அதோடு முடியவில்லை. சில ஆண்டுகளில் ஜப்பானின் இசூசு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தன. குதிரைத்திறன் 88 ஆயிற்று. அன்றைய இந்தியச் சாலைக்கு அது நிறைவான வலிமை. பிறகு டீசல் எஞ்சினும் வந்து, 2002 வரை அந்தக் கார் உருவாகிக்கொண்டிருந்தது.

88 என்ற எண்ணைக் கேட்டு நம் இளைஞர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. தம்பிமாரே, ஒன்று கேளுங்கள். 1970-இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையாயிற்று. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. காப்பீட்டுக் கட்டணமும் ஏறியது. தசைக் கார்கள் ஒவ்வொன்றாய் மெலிந்தன. 1974-ஆம் ஆண்டு மஸ்டாங்கில் எட்டுச் சிலிண்டர் எஞ்சினே இல்லை. அதன் தொடக்க வகையின் குதிரைத்திறன் எவ்வளவு தெரியுமா? அதுவும் 88-தான்! கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு சற்று மாறும் என்பது உண்மையே. எனினும் அந்த மஸ்டாங் மூன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் விற்றது. உடலையும் சிறிதாக்கி, பெட்ரோல் விலை ஏறிய காலத்துக்கு ஏற்ப எஞ்சினையும் சிறிதாக்கி, இரண்டையும் ஒத்துப்போகச் செய்திருந்தார்கள்.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தொழிற்சாலை நடத்திவந்தது. 1961 முதல் அங்கே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இத்தாலியக் கலைஞர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த கார். முன்மூடி முழுவதும் சக்கரக் காப்போடு சேர்ந்து முதலை வாய்போல் திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். 948 சி.சி. எஞ்சின் சிறிதாயினும் உடலும் சிறிது. ஆகவே ஒருவரையொருவர் குறைகூறிக்கொள்ளாத கணவன் மனைவி போல் இரண்டும் வாழ்ந்தன. அதன் வழிவந்த கஸல் என்னும் காரும் 1977-இல் நின்றது. பின்னர்ச் சில ஆண்டுகள் அத்தொழிற்சாலையிலிருந்து கார் வரவில்லை. 1985-இல் வந்தது ஸ்டாண்டர்டு 2000.

இதன் கதையைச் சொல்ல மீண்டும் அமெரிக்காவுக்கு, ஓர் எஞ்சினின் பிறப்பிடத்துக்குப் போக வேண்டும். 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் பிரிவு, முழுக்க அலுமினியத்தாலான எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. 215 கன அங்குலம், அஃதாவது 3.5 லிட்டர். எடை ஏறத்தாழ 145 கிலோதான். வார்ப்பிரும்பு எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களோடு ஒப்பிட்டால் பஞ்சுப் பொதி எனலாம். நான் முன்பு சொன்ன பாண்டியாக் டெம்பெஸ்டிலும் 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகள் விரும்பியோர்க்கு அதைக் கொடுத்தனர். ஆனால் அலுமினிய வார்ப்பில் நுண்துளை விழுந்து பல வார்ப்புகள் வீணாயின; செலவு கூடிற்று; மெல்லிய சுவருள்ள வார்ப்பிரும்பு எஞ்சின்கள் மலிவாக வந்தன. 1963-க்குப் பின் தாய்வீடு அதைக் கைவிட்டது. மறு ஆண்டே டெம்பெஸ்டின் உடலில் 389 கன அங்குல இரும்பு எஞ்சின் ஏறி ஜி.டி.ஓ. பிறந்தது.

கைவிட்ட எஞ்சினை இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத் தலைவர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்காவில் கண்டு, 1965-இல் அதன் உரிமையைப் பெற்றார். அதை வளர்த்த பியூக் பொறியாளர் ஒருவரும் பணி ஓய்வை ஒட்டி இங்கிலாந்து சென்று ரோவருக்குத் துணைநின்றார். பிறந்த நாட்டில் மூன்றாண்டு வாழ்ந்த எஞ்சின், புகுந்த நாட்டில் நாற்பதாண்டுக்கு நெருக்கமாக வாழ்ந்தது. அரசர் பாலராமவர்மர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தென்தமிழகத்திலிருந்து தறியோடு வந்து இம்மண்ணில் வேரூன்றிய நெசவாளரின் வழித்தோன்றல்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

அந்த எஞ்சினோடு 1976-இல் ரோவர் ஒரு புதிய காரை வெளியிட்டது. எஸ்.டி.1 என்பது அதன் குறிப்பெயர். டேவிட் பேச் என்ற வடிவமைப்பாளர், ஃபெராரியின் டேடோனா பந்தயச் சாயலை மனத்தில் கொண்டு, ஐந்து கதவுள்ள குடும்பக் காருக்கு அந்த வீரத் தோற்றத்தைக் கொடுத்தார். முன்புறத்தில் வழக்கமான கம்பி முகமே இல்லை, கூர்ந்த மூக்கு, நீண்டு சரியும் முதுகு. உள்ளே அளவுமானிகளின் பெட்டியை வலப்புறமோ இடப்புறமோ வைத்துக்கொள்ளலாம். பலகை இரு நாட்டு வழக்கத்துக்கும் ஒன்றே. 155 குதிரைத்திறன், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். ஐரோப்பாவில் 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற பட்டம் அதற்கே கிடைத்தது.

அந்த உடல்தான் வண்டலூருக்கு வந்தது. எஞ்சின் வரவில்லை.

எட்டுச் சிலிண்டர் எஞ்சினை இங்கே வார்க்க வழியில்லை. வரவழைக்கவும் விதி இடந்தராது. வரவழைத்தாலும் அது குடிக்கும் பெட்ரோலுக்கு நம் நாட்டில் யார் காசு கொடுப்பார்? ஆகவே பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காரின் மரபில் வந்த, வேன்களுக்குப் பயன்பட்ட 1,991 சி.சி. எஞ்சினை அதில் பூட்டினர். 83 குதிரைத்திறன், மூலக் காரின் வலிமையில் பாதியைச் சற்றே கடந்தது. ஐந்து கியர்ப் பெட்டிக்குப் பதில் நான்கு. பள்ளமுள்ள சாலைக்காக உடலையும் உயர்த்தி வைத்தனர். பதுங்கிய புலி எழுந்து நின்றுவிட்டது. இங்கிலாந்திலும் இந்தக் காரைப் பின்னர்ச் சிறிய எஞ்சின்களோடு விற்றனர் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவற்றின் அருகிலேயே பெரியதும் இருந்தது. விலையும் வேறாக இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 796 சி.சி. எஞ்சின், தகரப்பெட்டி போல் சிறிய உடல், ஏறி மிதித்தால் துள்ளி ஓடும். அதன் அருகே சென்னையின் பெருமிதக் கார் விலை மிகுந்து, பெட்ரோல் மிகக் குடித்து, மெல்ல நகர்ந்தது. முதல் நனைப்பிலேயே கஞ்சி கரைந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வருந்துகிறது. ஏனெனில் இந்திய மண்ணில் அதுவரை உருவான உடல்களில் மிக அழகியது அதுவே என்பது என் துணிபு. காண்டெசாவுக்கு வாய்த்தது போல் இரண்டாவது எஞ்சின் ஒன்று அதற்கும் வாய்த்திருந்தால்? மூன்றே ஆண்டில், 1988-இல், உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் மூடிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் நிலையை, தறி நின்ற வீட்டின் அமைதியை அறிந்த நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முன்வரிசைப் பெரியவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார். ஐயா, இன்னும் ஒரே ஒரு செய்திதான் உள்ளது. அத்தொழிற்சாலையில் எஸ்.டி.1 காருக்கென்று வைத்திருந்த உதிரிப்பாகங்கள் பயன்படாமல் நெடுங்காலம் கிடந்தன. இங்கிலாந்திலோ பழைய ரோவர் கார்களைப் பேணுவோர்க்குப் பாகங்கள் கிடைக்காமல் போயின. பழைய ரோவர்களுக்குப் பாகம் விற்கும் ஓர் ஆங்கில நிறுவனம் இதையறிந்து, சென்னையில் கிடந்த அந்த இருப்பை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போயிற்று. இன்று இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்துச் சாலையில் ஓடும் பழைய ரோவர் ஒன்றில், வண்டலூரில் கிடந்த பாகம் பொருந்தியிருக்கலாம். அதன் முன்மூடியைத் திறந்தால் உள்ளே அந்த அமெரிக்க எட்டுச் சிலிண்டர் எஞ்சின் இருக்கும்.